ஆற்றில் கலந்த ரசாயனம் குருவிக்கூட்டுக்குப் போனது எப்படி? பூச்சிகள் செய்த ‘டெலிவரி’!

ஆற்றில் கழிவு கலந்தால் மீனுக்குத்தான் ஆபத்து, கரையில இருக்கிற உயிர்களுக்கு என்ன வந்துடப் போகுது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில், மீனே சாப்பிடாத குருவிகளின் உடம்பில் ஆற்றுச் சேற்றின் ரசாயனம் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தது, பூச்சிகள்!

என்ன ரசாயனம் அது?

பெயர் பிசிபி. 1947 முதல் 1977 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு கெப்பாசிட்டர் ஆலைகளிலிருந்து ஹட்சனில் கலந்தது. 13 லட்சம் பவுண்டு வரை கலந்திருக்கலாம் என்பது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. பிசிபி லேசில் சிதையாது. தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும்.

பூச்சிக்குள் எப்படிப் போகிறது?

தட்டான், கொசு போன்ற பல பூச்சிகள் இளம் பருவத்தைத் தண்ணீருக்குள்தான் கழிக்கின்றன. சேற்றில் வாழும் புழுக்கள் அங்கே கிடக்கும் மக்கிய பொருட்களைத் தின்கின்றன. கூடவே பிசிபியும் உள்ளே போய், உடல் கொழுப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சிறகு முளைத்ததும் போயிடாதா?

இங்கேதான் விஷயமே இருக்கு. பூச்சி தோலுரித்து உருமாறும்போது, உடலில் சேர்ந்த உலோகங்களில் பெரும்பகுதி கழிந்துவிடும். பிசிபி அப்படிப் போகாது. உருமாற்றத்துக்குச் சக்தி செலவாகி பூச்சியின் எடை குறையும், ரசாயனம் அப்படியே இருக்கும். அதனால் ஒரு கிராமுக்கு உள்ள அளவு சில சமயம் கூடவும் செய்யும்.

பூச்சி சாகாதா?

டிடிடி பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். பிசிபி அப்படியில்லை. பறவை, பாலூட்டிகளின் உடம்பில் இது வேலையைக் காட்டும் முக்கியமான வழி, பூச்சிகளில் அதே மாதிரி இயங்குவதில்லை. பூச்சி பிழைத்துப் பறக்கிறது. சிக்கலே அதுதான். செத்திருந்தால் விஷம் ஆற்றோடு நின்றிருக்கும்.

குருவிக்கு என்ன ஆச்சு?

1990-களில் ஹட்சன் கரையில் ‘மரத் தகைவிலான்’ குருவிகளை ஆய்வு செய்தார்கள். ஆற்றிலிருந்து எழும் பூச்சிகள்தான் இவற்றின் முக்கிய உணவு. உடலில் பிசிபி மிக அதிகம். சில குருவிகள் அடைகாப்பதைப் பாதியில் விட்டன, முட்டைகள் சரியாகப் பொரியவில்லை, கூடுகள்கூட ஒழுங்காக அமையவில்லை.

2009 முதல் 2015 வரை ஆற்றுச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். ஆறு சுத்தமாயிடுச்சா என்று பார்க்க மீனை மட்டும் சோதித்தால் போதாது. கரையோரம் பறக்கும் பூச்சியையும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஹட்சன் சொல்லும் பாடம்.