ஐந்து பாலம், ஏழு ஊர், ஒரு கூண்டு வண்டி

வண்டிச் சத்தம் மாறினால் பாலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரோட்டில் கரகரவென்று வந்த இரும்புப் பட்டா, பாலத்தின் மேல் ஏறியதும் கடகடவென்று பேசும். கூண்டுக்குள் வைக்கோல் மேல் சுருண்டு கிடக்கும் நாங்கள் கண்ணைத் திறக்காமலே எண்ணுவோம். கரந்தைப் பக்கம் வடவாறு. பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு. அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி. ஐந்தாவது சத்தம் காவிரி. திருவையாறு வந்தாச்சு.

ஒவ்வொரு பாலம் தாண்டியதும் அப்பா வண்டியை நிறுத்தி, கூண்டுக்குள் லாந்தரை நீட்டுவார். "எல்லாரும் இருக்கீங்களா?" என்று தலை எண்ணுவார். ஓடாத வண்டியிலிருந்து யார் விழுந்துவிடப் போகிறார்கள் என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். எண்ணி முடித்த பிறகுதான் மாட்டை ஓட்டச் சொல்வார்.

இது 1960-களின் கடைசியில். எங்கள் ஊர் அம்மாபேட்டைக்குப் பக்கத்தில். சித்திரை விசாகத்தை ஒட்டி, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நாலைந்து கூண்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு திருவையாற்று ஏழூர்த் திருவிழாவுக்குப் போவோம். காவிரி மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டு இரண்டு ராத்திரி தங்குவோம். தஞ்சாவூர்ச் சீமையில் கோடையில் சேர்ந்து ஊர் சுற்றி வெளியில் தங்குவது என்றால் அதுதான். இன்று என் சிநேகிதிகள் ஆறு பேரோடு அதே விழாவுக்கு டிராக்டர் டிரெய்லரோடு போய் வருகிறேன். வண்டி மாறிவிட்டது. வெயில் கூடியிருக்கிறது. அப்பா ஏன் தலை எண்ணினார் என்பது மட்டும் எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது.

கல்யாணத்துக்கு உதவிய ஊர்கள்

திருவையாற்று ஐயாறப்பர், நந்தியெம்பெருமானைத் தம் பிள்ளையாகவே வளர்த்துக் கல்யாணம் செய்துவைத்தார் என்பது ஐதீகம். பொண்ணு சுயசாம்பிகை. கல்யாணம் நடந்த இடம் கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடி. அங்கே பங்குனி மாதம் புனர்பூசத்தில் அந்தத் திருக்கல்யாணம் இன்றும் நடக்கிறது.

பெரிய கல்யாணம் என்றால் ஒரு வீட்டால் ஆகாது. சுற்றுவட்டாரமே கைகொடுத்தது. திருப்பழனத்திலிருந்து பழம் வந்தது. திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு. திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள். திருக்கண்டியூரிலிருந்து ஆபரணம். திருப்பூந்துருத்தியிலிருந்து பூ. திருநெய்த்தானத்திலிருந்து ஹோமத்துக்கு நெய். கல்யாணம் முடிந்த பிறகு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஐயாறப்பரே ஒவ்வொரு ஊராகப் போய் நன்றி சொல்லிவிட்டு வருகிறார். அதுதான் சித்திரை விசாகத்தில் நடக்கும் சப்தஸ்தானம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஏழூர். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களிலும் இப்படிச் சப்தஸ்தானம் உண்டு. திருவையாற்றுடையதுதான் பேர்பெற்றது.

சாமியும் அம்மனும் கண்ணாடிப் பல்லக்கில் வருவார்கள். புதுமணத் தம்பதிக்கு வெட்டிவேர்ப் பல்லக்கு. சின்ன வயதில் அந்த வாசனைக்காகவே நான் நந்திப் பல்லக்கின் பின்னால் ஓடுவேன். சித்திரை வெயிலில் புதுசாகக் கல்யாணமான பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துப் போகிறவர்கள், அவர்களுக்குக் குளிர்ச்சியாக ஒன்று செய்துகொடுத்திருக்கிறார்கள். அந்தப் பரிவுதான் எனக்கு இந்த விழாவிலேயே ரொம்பப் பிடித்தது.

போகும் ஊரில் எல்லாம் அந்தந்த ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். தில்லைஸ்தானம் என்று நாங்கள் சொல்லும் திருநெய்த்தானத்துக்கு வரும்போது ஏழும் சேர்ந்துவிடும். காவிரி மணலில் வாணவேடிக்கை. பிறகு திருவையாற்றுத் தேரடியில் ஒரு பொம்மை வந்து ஒவ்வொரு பல்லக்குக்கும் பூப்போடும். அதைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்ப மாட்டார்கள்.

ஏன் சித்திரையில்?

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆகவே சித்திரையில் காவிரியில் தண்ணீர் இருக்காது. சம்பா, தாளடி அறுத்தாகிவிட்டது. உளுந்தும் பயறும் பறித்தாகிவிட்டது. வயலுக்கும் ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வு, மனுஷருக்கும் ஓய்வு. ஆற்றில் தண்ணீர் இல்லாததால்தான் பல்லக்கு ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏற முடியும். நாங்கள் மணலில் படுக்க முடியும். விசாகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சமும் கிடைக்கும்.

வெயில் நேரத்தில் வண்டி கட்ட மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் பூட்டினால், தஞ்சாவூரைத் தாண்டி, விடியற்காலையில் திருவையாறு. வழியில் இரண்டு இடத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, அச்சுக்கு வண்டி மை போட்டு, ஒரு தூக்கம். எங்கள் பெரியவர்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனால் 1965-ல் வந்த மத்திய அரசின் விதியும் அதையேதான் சொல்கிறது. வண்டி இழுக்கும் மாட்டை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. மாட்டுக்கு எழுதிவைத்ததை மனுஷரும் கடைப்பிடித்தால் கோடையில் பாதித் தொல்லை குறையும்.

கூண்டு வண்டி ஒரு சின்ன வீடு. மூங்கிலை வளைத்து, மேலே பாய் வேய்ந்து, முன்னும் பின்னும் திறந்திருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். கீழே வைக்கோல், அதன் மேல் சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம். அடியில் ஊஞ்சலாடும் லாந்தர். பின்பக்கம் கட்டிய மண்பானை. பானை கசிந்து, அந்த ஈரம் காற்றில் உலரும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெட்டிவேர்த் தட்டியும் அப்படித்தான். நம் உடம்பு வியர்ப்பதும் அதே கணக்குதான். காற்றிலேயே ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை உலராது, சூடும் இறங்காது. கடலுக்குக் கிட்டே இருக்கும் எங்கள் சீமையில் புழுக்கம் ஆளை அடிப்பது அதனால்தான்.

மணலுக்கு வேறு குணம். சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். மத்தியானம் கால் வைக்க முடியாத மணலில், இரவு பத்து மணிக்குக் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். அப்போதெல்லாம் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் கீழே கையால் தோண்டினாலே ஊற்று வரும். இப்போது மணல் போன இடங்களில் களியும் நாணலும் நிற்கின்றன. ஊற்று எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஏழு சிநேகிதிகள்

நாங்கள் ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு மறுபடி சேர்ந்தோம். விழாவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தபோது, யார் என்ன கொண்டுவருவது என்று கேள்வி எழுந்தது. "சாமி கல்யாணத்துக்கே ஊர் ஊராப் பங்கு போட்டாங்க. நாமளும் போட்டுக்குவோம்டி" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து எங்களுக்குள் ஊர்ப் பேர்தான் கூப்பிடும் பேர்.

நான் ஐயாறு. தண்ணீர் என் பொறுப்பு. நாலு மண்பானை, ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணி. பழனம் வெள்ளரிப்பிஞ்சும் தர்பூசணியும் நுங்கும் கொண்டுவருவாள். சோற்றுத்துறை புளிச்சோறும் எள்ளுச்சோறும் கட்டுவாள். புளி சேர்ந்தது சீக்கிரம் கெடாது. தயிர்சாதம் என்றால் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவாள். மத்தியானத்துக்குள் அதுவே சரியாக உறைந்திருக்கும். தொட்டுக்க மாவடு. வேதிகுடி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி மணலில் உட்கார்ந்து தேவாரம் பாடுவாள். பூந்துருத்தி மல்லிகையும் வெட்டிவேரும் பனைவிசிறியும் எடுத்துவருவாள். நெய்த்தானத்தின் வீட்டில் இரண்டு பசு. உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோர் அவள் கணக்கு. கண்டியூர் நர்ஸாக இருந்தவள். தெர்மாமீட்டரும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் அவள் பையில். பொட்டலம் கிடைக்காவிட்டாலும், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் போதும் என்று எங்கள் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள்.

சாமான் எல்லாம் தம்பி மகனின் டிராக்டர் டிரெய்லரில் போகும். அதில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். சாமான் ரோட்டைச் சுற்றிப் போகும், நாங்கள் பல்லக்கோடு நடப்போம். ஒவ்வொரு ஊரிலும் டிரெய்லர் எங்களுக்காக மரத்தடியில் காத்திருக்கும்.

ஒரு தலை குறைந்த நாள்

முதல் வருஷம் டிரெய்லருக்கு நீலத் தார்ப்பாய் கட்டினோம். மழைக்கும் ஆகும் என்று நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான் பையன். சோற்றுத்துறையில் மத்தியானம் பந்தி போட்டபோது இலையை எண்ணினேன். ஏழு இலை, ஆறு பேர். சோற்றுத்துறைக்காரியையே காணோம். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து அடுப்படியில் நின்றவள், கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்று தார்ப்பாய்க்குள் போனது யாருக்கும் தெரியாது.

உள்ளே அனல். அவள் உடம்பு கொதித்தது. தோலில் வியர்வையே இல்லை. என்னைப் பார்த்து அவளுடைய தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்லடி, தூக்கந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்டியூர் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. நிழலுக்கு இழுத்து, ரவிக்கையைத் தளர்த்தி, என் நாலு பானைத் தண்ணீரையும் தலையிலிருந்து ஊற்றவைத்தாள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி. ஆளுக்கொரு விசிறி. புத்தி தெளியும் வரை வாயில் ஒரு சொட்டும் விடாதே, புரை ஏறிவிடும் என்றாள். இன்னொருத்தி 108-க்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு அப்பா புரிந்தார். வெயில் முதலில் புத்தியைத்தான் கலைக்கிறது. பாதிக்கப்பட்டவளுக்குத் தனக்கு ஆபத்து என்று தெரியாது, கேட்டால் நன்றாயிருக்கிறேன் என்றுதான் சொல்லுவாள். ஆகவே கோடையில் ஒருத்தர் உடம்பை இன்னொருத்தர் கண்தான் காக்க வேண்டும். தண்ணீர், மோர், நிழல் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது தலை எண்ணுவது.

அதற்குப் பிறகு தார்ப்பாயைத் தொடவில்லை. மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே இரண்டு அடுக்குத் தென்னங்கீற்று. முன்னும் பின்னும் திறப்பு. பார்த்தால் அப்பாவின் கூண்டு வண்டி மாதிரியே இருக்கிறது. மத்தியானம் 12-லிருந்து 3 வரை நடையில்லை, பல்லக்கு முன்னால் போனாலும் சரி. இரண்டிரண்டு பேராக ஜோடி, ஒன்றில் மட்டும் மூன்று பேர். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் எண்ணிக்கை.

போன சித்திரையில் திருவேதிகுடியைத் தாண்டி நடக்கும்போது, ஒரு பாட்டி எங்கள் குடை நிழலுக்குள் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டாராம். பரவாயில்லை, தில்லைஸ்தானத்துக்கு எப்படியும் வந்துவிடுவார்கள் என்றார். பூந்துருத்தி அவருக்குப் பூ வைத்துவிட்டாள். கண்டியூர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் ஜோடியை அவருக்குத் துணையாக விட்டாள்.

காவிரி மணலைக் கடந்து தில்லைஸ்தானக் கரை ஏறினோம். பையன் டிரெய்லர் பக்கத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து விரலால் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அத்தே, எட்டு வருதே!"

"சரியாத்தான்டா வருது. இன்னொரு டம்ளர் எடு."