கடலை ஒளித்து வைக்க முடியுமா?

வாரா வாரம் இந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல, பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினம். வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி வைத்திக்குப்பம். இரண்டு ஊரிலும் வாசலில் நின்றால் கடல். அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். நாங்கள் அதை 'மரம்' என்றுதான் சொல்வோம். கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவது. இன்ஜின் கிடையாது. மண்டி போட்டுத் துடுப்பு வலித்துக்கொண்டு போக வேண்டும். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. வெள்ளைக்காரர்களே நம் வார்த்தையை எடுத்து 'கேட்டமரான்' என்று வைத்துக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன்!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 13 வயது, தம்பிக்கு 8. அரையாண்டு லீவு. அப்பா விடியற்காலை மரம் தள்ளும்போது தம்பியும் வருவேன் என்று அழுதான். அவனுக்கென்று அப்பா சின்னதாக ஒரு துடுப்பு செய்து, அதை மரத்திலேயே செருகி வைத்திருந்தார். அம்மாதான், "சளி பிடிச்சிருக்கு, நாளைக்குப் போவலாம்" என்று நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேல். அதில் என் தம்பியும் ஒருவன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினான், தண்ணீர் பிரித்துவிட்டது.

கடலுக்குப் போன அப்பா பத்திரமாக வந்தார். ஆழத்தில் சுனாமி அலை தாழ்ந்து பரவித்தான் போகுமாம். கரை நெருங்கும்போதுதான் எழும்புமாம். "லேசாத் தூக்கி இறக்கின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்பார். திரும்பும் வழியில் பாயும் பானையும் மிதந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் பதறிப்போய்த் துடுப்பு வலித்தாராம்.

அம்மா பல மாதம் யாரிடமும் பேசவில்லை. 'நான் நிறுத்தாம இருந்தா பிள்ளை இருந்திருப்பான்' என்ற ஒன்றே அவர் மனதில். எங்கள் அம்மாவை மீட்டது மருந்து மாத்திரை இல்லை, குப்பத்துப் பெண்கள்தான். அவர்கள் வீட்டிலும் சாவுதான். ஆனாலும் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மீன் கூடையைத் தூக்கி அம்மா தலையில் வைத்து, "நட, சந்தைக்குப் போவலாம்" என்றார். அம்மாவும் நடந்தார். இன்றைக்கும் டிசம்பர் 26 வந்தால் கரையோரம் முழுக்கப் பாலும் பூவும் கொண்டுபோய்க் கடலில் விடுகிறோம்.

எனக்குக் கல்யாணமாகி மகன் பிறந்தபோது ஒரு சபதம் எடுத்தேன். என் பிள்ளை கடலில் கால் வைக்கக் கூடாது! மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் எங்கள் வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்கு வரும். ஜனமெல்லாம் தண்ணீரில் இறங்கும். நான் மட்டும் மகன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பேன். மாமியார், "மீனுக்குப் பொறந்தது நீந்தாம வளருதே" என்பார். காதில் வாங்க மாட்டேன்.

எங்கள் கரையும் எனக்கு ஒத்தாசையாக இருந்தது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கல் அணை கட்டினார்கள். கடல் நீரோட்டம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவரும். அந்த மணல் அணைக்குத் தெற்கிலேயே தங்கிவிட, வடக்கே இருக்கும் எங்கள் கரையைக் கடல் தின்றது. தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல்லில் மரத்தை இழுத்து வைக்க முடியுமா? சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகளும் வந்தன. மரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. துடுப்பையே பார்க்காமல் என் மகன் வளர்ந்தான்.

போன வருஷம் ஒரு சாயந்திரம், பசங்களோடு அந்தக் கருங்கல்லில் விளையாடியவன் பாசி வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். கூட விழுந்த இன்னொரு பையன் சர்வ சாதாரணமாக நீந்திக் கல்லைப் பிடித்துவிட்டான். என் பிள்ளைக்குக் கைகால் உதறத்தான் தெரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் குதித்துத் தூக்கி வந்தார். தண்ணீரைக் கக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, புள்ளைக்கு நீச்சல் கத்துக்குடுக்கலியா?" என்று கேட்டார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கடல் என் பிள்ளையைக் கொண்டுபோக இருந்ததா, என் பயம் கொண்டுபோக இருந்ததா?

பரீட்சை லீவு விட்டதும் மகனைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. இன்ஜின் படகுகள் கரையில் கிடக்கும். துடுப்பு வலிக்கும் மரத்துக்குத் தடை இல்லை. வயசாகிவிட்டாலும் அப்பா ஒரு சின்ன மரத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். நான் வாய் திறக்கவே வெட்கப்பட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அப்பா பரணில் கைவிட்டு எடுத்தது தம்பியின் துடுப்பு. அன்றைக்கு மரத்தோடு போய் மரத்தோடு திரும்பியது அது ஒன்றுதான். அம்மா அதை முந்தானையால் துடைத்துப் பேரன் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் பத்து நாள் இடுப்பளவு தண்ணீரில் நீச்சல் மட்டும். அதற்கப்புறம்தான் மரம். காற்று வாடையா கொண்டலா, நீரோட்டம் வண்ணியா தெண்டியா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். "கடலை நம்பாத, ஆனா பயப்படாத. வானத்தைப் பார்த்துட்டு எறங்கு" என்றார். சொன்னதைக் கேட்கவில்லை என்றால் அன்று துடுப்பு கிடையாது. எப்போதும் செல்போனும் கையுமாக இருந்த பையன், விடியற்காலை ஐந்து மணிக்குத் தானே எழுந்தான்!

சில மாதம் கழித்துப் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் நூற்றாண்டு கொண்டாடிய 1989-இல், அங்குள்ள பழங்குடி மக்கள் தங்கள் பழைய மரப் படகுகளைச் செய்து, துடுப்பு வலித்தே சியாட்டில் நகரத்துக்குப் போனார்களாம். அதுமுதல் பல இனத்தாரும் சேர்ந்து இப்படிப் பயணம் போகிறார்கள். தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். பயணத்தில் மதுவுக்கு இடமே இல்லை என்பது கட்டுப்பாடு. எங்கேயோ இருக்கும் அந்தத் தாய்மாரும் நம்மைப் போலத்தானே என்று தோன்றியது. கெட்ட பழக்கத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுக்கும் வீடுகளை நம் பக்கமும் பார்க்கிறோமே!

தெரிந்து வைத்திருப்பதுதான் காப்பாற்றும். சுனாமி அன்று, எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் போன் வந்தது. அங்கிருந்த தகவல் மையத்து ஒலிபெருக்கியில் உடனே எச்சரித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் தப்பித்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீடு கடலோரம் இல்லாமல் இருக்கலாம். ஏரி, குளம், கிணறு, ரோடு என்று ஏதோ ஒரு பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு. பயப்படும் விஷயத்தை மூடி மறைக்காமல், தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும்தான்! என் 8 வயது மகள், "அண்ணனுக்கு மட்டும்தானா, எனக்கு இல்லியா?" என்று இப்போதே கேட்கிறாள். வருகிற லீவுக்கு அவளையும் தாத்தாவிடம் விடப் போகிறேன்.

நான் மட்டும் என்ன? எனக்கும் நீச்சல் தெரியாது. மகன்தான் சொல்லித் தருகிறேன் என்கிறான்!

— ஒரு வாசகி, வைத்திக்குப்பம், புதுச்சேரி.