நாலு மிட்டாய் எனக்கு, ஒன்று உனக்கு

திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெயர்பெற்ற காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடம் இங்கேதான் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அதைப் போலவே ஒரு சாலையை, 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னர் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்காகத் தொடங்கினார். அந்த ஊர் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சாலையின் விதிகளைச் செப்பேட்டில் வெட்டிவைத்தார்கள். ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம், அடித்தாலும் தண்டனை. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது!

நல்லது கெட்டது நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்றால், படித்த பிள்ளைகளுக்கு இத்தனை விதிகள் எதற்கு? பிறவியில் எதுவுமே இல்லை என்றால், 'இது அநியாயம்' என்று சின்னக் குழந்தைகூடக் கத்துகிறதே, அது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தேடி அறிவியலாளர்கள் மிட்டாயைக் கையில் எடுத்தார்கள். இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய 7 நாடுகளில் 866 ஜோடிச் சிறுவர் சிறுமியரை உட்காரவைத்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே. நடுவில் ஒரு கருவி, அதன் மேல் இரண்டு தட்டு. ஒருவருக்கு மட்டும் இரண்டு கைப்பிடிகள். பச்சையை இழுத்தால் அவரவர் தட்டில் உள்ளது அவரவருக்கு. சிவப்பை இழுத்தால் எல்லா மிட்டாயும் நடுக்கிண்ணத்தில் கொட்டிவிடும், யாருக்கும் கிடையாது.

முதலில், 'எனக்கு 1, அவனுக்கு 4'. ஏழு நாடுகளிலுமே, ஓரளவு வளர்ந்த பிள்ளைகள் சிவப்பை இழுத்தார்கள். கைக்கு வந்த ஒரு மிட்டாயையும் விட்டார்கள்!

அடுத்து, 'எனக்கு 4, அவனுக்கு 1'. இப்போதும் சிவப்பை இழுப்பார்களா? கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும்தான் இழுத்தார்கள். அங்கும் கொஞ்சம் பெரிய பிள்ளைகள்தான்.

எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஒரே மிட்டாயில் இரண்டு நியாயத்தைப் பிரித்துக் காட்டிவிட்டது. எனக்குக் குறைந்தால் வரும் கோபம் எல்லா ஊரிலும் இருப்பதால், அதன் வேர் பரிணாமத்தில் இருக்கலாம். கபுச்சின் குரங்குகளிடமும் அதன் சாயல் உண்டு. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சையும் தனக்கு வெள்ளரித் துண்டும் கிடைத்தால், சில குரங்குகள் வெள்ளரியை வாங்க மறுத்தன. சில தூக்கி எறிந்தன. 2003-இல் சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் இருவரும் இதை வெளியிட்டார்கள். எனக்கு அதிகம் வந்தாலும் உறுத்துகிறதே, அந்த உணர்வுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அதில் வளரும் சூழலுக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

பேச்சும் இப்படித்தான். பேசும் திறன் பிறவியில் வருகிறது. ஆனால் வலியசாலைத் தமிழ் வீட்டுப் பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுவது, காதில் விழுந்து விழுந்து வந்தது.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனையில் இந்தியப் பிள்ளைகள் சிவப்பை இழுக்காததால் அவர்களுக்குப் பகிரத் தெரியாது என்று ஆகிவிடாது. நாலு மிட்டாயைக் கொட்டி வீணாக்குவதைவிட, வாங்கிக்கொண்டு வெளியே போய் நண்பனுக்கு இரண்டு கொடுக்கலாம் என்று ஒரு பிள்ளை நினைத்திருக்கலாம். அந்தக் கருவியில் அதற்குக் கைப்பிடி இல்லை.