முகடு காண ஒரு சிறு நிரல்

ஏழாம் வகுப்புக் கணக்கில் முகடு அறிமுகமாகிறது. தரவுகளில் அதிக முறை வரும் மதிப்பே முகடு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வருகிறது. இரண்டையும் இணைத்துக் கற்பித்தால் வரையறை மாணவர் மனத்தில் பதியும்.

தரவை வகுப்பிலேயே திரட்டலாம். விலையில்லா காலணிக்குக் கால் அளவு எடுப்பது நமக்குப் பழகிய வேலை. பத்துப் பேரின் அளவுகள் 5, 4, 6, 5, 3, 5, 4, 7, 5, 4 எனக் கொள்வோம். சராசரி 4.8, அந்த அளவில் காலணியே இல்லை. முகடு 5, நான்கு பேருக்குப் பொருந்தும்.

கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்ப் பள்ளியில், 'எப்படிப் பள்ளிக்கு வருகிறாய்?' என்று கேட்டால் நடை, மிதிவண்டி, பேருந்து, ஷேர் ஆட்டோ என விடைகள் வரும். இவற்றுக்குச் சராசரி காண முடியாது, முகடு காணலாம்.

முதலில் கரும்பலகையில் நேர்க்கோட்டுக் குறியிட்டு எண்ணச் செய்யுங்கள். நிரலும் அதையே செய்கிறது:

1. வெற்று டிக்‌ஷனரி ஒன்றை உருவாக்குக.
2. பட்டியலின் ஒவ்வொரு மதிப்பையும் எடுக்க. அது டிக்‌ஷனரியில் இருந்தால் அதன் எண்ணிக்கையுடன் 1 கூட்டுக. இல்லையெனில் 1 எனப் பதிக.
3. எண்ணிக்கைகளுள் பெரியதைக் காண்க.
4. அது 1 எனில் 'முகடு இல்லை' என அச்சிடுக. இல்லையெனில் அந்த எண்ணிக்கை உள்ள எல்லா மதிப்புகளையும் அச்சிடுக.

'எல்லா' என்ற சொல் முக்கியம். அளவு 4 உள்ள இன்னொரு மாணவர் சேர்ந்தால் 4, 5 இரண்டும் நான்கு முறை வரும், முகடுகள் இரண்டு. பைத்தானின் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' தொகுதியில் உள்ள 'மோட்' செயற்கூறு, 3.8 பதிப்பு முதல், பட்டியலில் முதலில் வரும் முகட்டை மட்டுமே தருகிறது. நம் பட்டியலுக்கு விடை 5. அதே பட்டியலை 4-இல் தொடங்கி எழுதினால் விடை 4. வரிசை மாறினால் முகடு மாறுமா? இக்கேள்வியை வகுப்பில் கேளுங்கள். எல்லா முகடுகளையும் பெற அதே பதிப்பில் வந்த 'மல்ட்டிமோட்' உள்ளது. ஆனால் ஒவ்வொரு மதிப்பும் ஒருமுறையே வந்தால் அது அனைத்தையும் முகடு என்று தந்துவிடும். ஆகவே நான்காம் படியை மாணவர்களே எழுதட்டும்.

நிரல் முடிந்ததும் இன்னொரு வினா: முகடான 5-ஐ மட்டும் வாங்கினால், அளவு 3 உள்ள குழந்தைக்கு? முகடு அதிக முறை வரும் மதிப்பை மட்டுமே காட்டும்; அனைவருக்கும் காலணி தர நிகழ்வெண் பட்டியல் முழுவதும் தேவை. அந்தப் பட்டியல் டிக்‌ஷனரியில் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் அச்சிடச் சொல்லுங்கள்.