உங்களுக்குத் தெரியுமா? பூநாரையும் கோட்டைக்குப்பமும்

★ ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். மழைக்காலத்தில் 450 சதுர கி.மீ. வரை விரிந்து, கோடையில் 250 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். இத்தனை பரப்புக்கும் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்! பறவைக்கும் மீனவருக்கும் சோறு போடுவது இந்த ஆழமில்லாத தண்ணீர்.

★ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் இந்த ஏரியில் பூநாரைகளை நன்றாகப் பார்க்கலாம். நெடுங்காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். பிறகு தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். நாக்கு தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் சிறு இறால்களும் புழுக்களும் தங்கிவிடும்.

★ பின்பக்கமாக மடங்குகிறதே, அது பூநாரையின் முழங்கால் அல்ல. கணுக்கால்! உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.

★ அதன் இளஞ்சிவப்பு தின்ற இரையிலிருந்து ஏறுவது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பிறக்கும். தாய், தந்தை இரண்டுமே தொண்டைப் பையில் ஒருவகைப் பால் சுரந்து ஊட்டும்; ஊட்ட ஊட்டப் பெற்றவர்களின் நிறம் வெளுத்துப்போகும். இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகச் சேற்றுக் கூடு கட்டி முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி.

★ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விலங்குக்காட்சிச் சாலையில் 2014-இல் இறந்த ஒரு பூநாரைக்கு வயது குறைந்தது 83.

★ பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீர்மேல் சில அடி ஓடித்தான் பறக்கும். ஒவ்வொரு முறையும் தின்று சேர்த்த பலத்தைச் செலவழிக்கிறது. பறக்கும் படம் வேண்டுமென்று படகை விட்டுக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பசியோடு வந்த விருந்தாளியை இலையிலிருந்து எழுப்பிவிடுவது போன்றது அது.

★ 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. படகில்லாமலே பார்க்க வழி இருக்கிறது: சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் ஊடாகவே சாலை போகிறது. பருவத்தில் இருபுறமும் பூநாரை, கூழைக்கடா, உள்ளான். ஒரு தொலைநோக்கி போதும்.

★ கரையில் கூடாரம் அடித்து இரவைக் கழிக்கும் ஆசை பலருக்கு வரும். ஆனால் ஆந்திரப் பகுதி 1976 முதலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதலும் பறவைகள் சரணாலயம். நினைத்த இடத்தில் தங்கவோ தீ மூட்டவோ கூடாது. பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ.தான்; விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம்.

★ டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான்.

★ கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில. வலை கட்டக் காத்திருப்பவர்களோ பலர். முந்தியவனுக்கே இடம் என்று விட்டால் தினமும் சண்டைதான். அதனால் எந்தத் துறையில் எந்த ஊர் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் சீட்டுக் குலுக்கல். இன்று வளமான துறை கிடைத்தவருக்கு அடுத்து வறண்ட துறையும் வரும். ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்குத்தான் இந்த உரிமை. கடலையும் ஏரியையும் பொதுவில் ஆள்வது எப்படி என்று ஆராய்பவர்கள் இந்தச் சில குப்பங்களைத் தேடி வந்து படித்திருக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான்!

★ வலையும் படகும் இல்லாதவர்களும் இதே தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். இருளர் பெண்கள் ஏரிக்குள் இறங்கிச் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள்.

★ கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதுதான் குப்பங்களின் தீராத கவலை. அது அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. கோடையில் ஏரியின் உப்பு கடலைவிடக் கூடிப்போகும். கடலுக்குப் போகும் படகு மணலில் தட்டி நிற்கும். முகத்துவாரத்தை எப்போதும் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பூநாரையைப் பார்க்கப் போகிறவர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்கலாம்.