கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி

என் மூத்த மகளுக்கு இப்போது 14 வயது. பிறந்தவுடன் அழவில்லை. ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லையே என்று தூக்கிக் கொண்டு ஓடியபோதுதான் மூளை முடக்குவாதம் என்றார்கள். உட்கார வைத்தால் சாய்ந்து விடுவாள். பேச்சு கிடையாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். வலிப்புக்குத் தினமும் மாத்திரை. 'ஐயோ பாவம்' என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. என்னைப் போன்ற அம்மாக்கள் வெளியே பேசக் கூசும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் பெரியவளானாள். முதல் நாலைந்து மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலை உதைத்து உதைத்து நாப்கின் விலகிவிடும். பாவாடை, விரிப்பு, பாய் எல்லாம் நனைந்து போகும். ராத்திரி முழுக்க வீறிட்டு அழுவாள். சின்னவள் பக்கத்து அறையில் காதைப் பொத்திக் கொண்டு படிப்பாள்.

அப்போதுதான் என் நாத்தனார் சொன்னாள். "அண்ணி, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடுங்க. இவளுக்கு அது எதுக்கு? கல்யாணமா, காட்சியா? நீங்க எத்தனை நாளைக்குத்தான் துவைப்பீங்க?" அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கி அந்தத் துணிகளை அலசிப் போட்டவள் அவள்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் விசாரித்தோம். "நிறைய பேர் செய்யறாங்கம்மா, ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிடலாம்" என்று தேதியே கொடுத்து விட்டார்கள். என் கணவர் சொசைட்டியில் கடன் கேட்டார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவளுடைய எட்டாவது வயதில் நான் கையெழுத்துப் போட்ட இன்னொரு படிவம் ஞாபகம் வந்தது. குதிகால் நரம்பு இறுகி, கால் வளைந்து, தொட்டாலே அழுவாள். அதைத் தளர்த்த ஆபரேஷன் செய்தார்கள். அன்றைக்கு எனக்குக் குழப்பமே இல்லை. அவளுக்கு வலி, செய்தால் வலி குறையும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் படிவத்தில் அவளுக்கு என்ன வியாதி என்று எழுதுவது?

அதே கேள்வியை என் மாமியார் வாய்விட்டே கேட்டார். "பொண்ணுக்கு நோவு ஒண்ணும் இல்லையே, பின்ன எதுக்குக் கத்தி? துவைக்க முடியலைன்னா சொல்லு, நான் துவைக்கிறேன்." கல்யாணமான புதிதில் தீட்டு என்று என்னைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தவர் அவர். அவர் வாயிலிருந்து இது வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். வலிப்பு உள்ள, நெஞ்சில் சளி கட்டும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்துள்ள காரியம். தூரம் நின்றாலும் வலிப்பும் அழுகையும் நின்று விடும் என்று சொல்ல முடியாது. மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் நடக்காத பிள்ளைக்கு அந்த ஊசி எலும்பைப் பலவீனமாக்கலாம், யோசித்துத்தான் போட வேண்டும் என்றார். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது என்பதையும் சொன்னார்.

மகள் போகும் சிறப்புப் பள்ளி டீச்சர் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். 1994-ல் மகாராஷ்டிராவில் ஷிரூர் என்ற ஊரில் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பத்துப் பேருக்கு மேல் புனேவுக்குக் கொண்டு போய்க் கர்ப்பப்பையை எடுத்தார்களாம். சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்பதுதான் சொன்ன காரணம். பெண்கள் அமைப்புகள் போராடியதால் மீதிப் பெண்களுக்குச் செய்வதை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2004-ல் ஆறு வயதுக் குழந்தைக்குக் கர்ப்பப்பையையும் மார்பு வளரும் திசுவையும் எடுத்து, உயரமாக வளராமல் இருக்க ஹார்மோனும் கொடுத்தார்கள். தூக்கிப் பராமரிக்கச் சுலபமாக இருக்கும், அவளுக்கும் அதுதான் நல்லது என்று பெற்றோர் கேட்டுக் கொண்டார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்தது தவறு என்று 2007-ல் அந்த மருத்துவமனையே ஒப்புக் கொண்டது. எனக்கு அந்தப் பெற்றோர் மேல் கோபம் வரவில்லை. தினமும் 28 கிலோவைத் தூக்கும் என் இடுப்புக்கு அவர்கள் கஷ்டம் தெரியும். ஆனால் எங்கள் இடுப்பு வலிக்குக் குழந்தையின் உடம்பில் வைத்தியம் செய்யலாமா?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அவர்களுடைய சுய சம்மதம் இல்லாமல் குழந்தை பெறும் தன்மையை அழிக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்கிறது. சம்மதம் சொல்ல என் மகளுக்கு வாய் இல்லை. வாய் இல்லாதவள் என்பதாலேயே நான் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும் அல்லவா?

"யாராவது கெடுத்து விட்டால்?" என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஆபரேஷன் கர்ப்பத்தைத்தான் தடுக்கும், கெடுப்பவனைத் தடுக்காது. நடந்தது வெளியே தெரியாமல் போவதற்குத்தான் அது உதவும். அவளைத் தனியே விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

தேதியை வேண்டாம் என்று சொல்லி விட்டோம். இப்போது காலண்டரில் நாள் குறித்து வைக்கிறேன். இறுக்கமான உள்ளாடை, கறுப்பு நைட்டி, அடியில் ரப்பர் ஷீட். அவள் அழுதது வயிற்று வலியால் என்று எனக்குத் தெரியவே சில மாதம் ஆயிற்று. டாக்டர் சொன்ன மாத்திரையை முதல் நாளே கொடுத்து விடுகிறேன். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, என் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவள் வயிற்றில் வைப்பேன். சுட்டால் சொல்லத் தெரியாதே! ராத்திரி அழுகை இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. மாமியார் சொன்னபடியே துவைக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் மகளுக்கு உதிரப்போக்கு நிற்காமல், ரத்தம் குறைந்து, மருந்துக்கும் கேட்காமல் கடைசியில் எடுக்க வேண்டி வந்தது. அது நோய்க்குச் செய்த வைத்தியம். கூலி வேலைக்குப் போகும் இன்னொரு அம்மா, துணைக்கு ஆளில்லாமல் எடுத்து விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துவைக்க இன்னொரு கை இருந்ததால்தான் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

ஆகவே சகோதரிகளே, இப்படிப்பட்ட குழந்தைக்கு எந்த ஆபரேஷன் என்றாலும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இது பிள்ளையின் வலிக்கா, நம் வசதிக்கா? இதைவிடச் சின்ன வழி இருக்கிறதா? இதே உடம்பு என் இளைய மகளுக்கு இருந்தால் செய்வேனா? இன்னொரு டாக்டரையும் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் உறவில் இருந்தால், ஆபரேஷன் யோசனை சொல்வதற்கு முன் மாதத்தில் இரண்டு நாள் போய் உதவி செய்யுங்கள்.

எங்களுக்குப் பிறகு அவளை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை. 18 வயதானதும் கலெக்டர் தலைமையிலான குழுவில் சட்டப்படி பாதுகாவலராகப் பதிய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதுவரை அவளுக்காகப் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் என்னுடையது. அவளிடம் கணக்குச் சொல்ல முடிகிற கையெழுத்தாக மட்டும் போடுவேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.