நடு ஏரியில் கிடந்த வியாபாரம்

புறக்கோட்டையில் நெத்தலிக் கருவாடு விற்கும் நமக்கு ஆபிரிக்காவின் 'கப்பெண்டா' புதிய பெயராக இருக்கலாம். பார்வைக்கு நெத்தலி போன்றது. ஆனால் சாளைக் குடும்பத்து நன்னீர் மீன். சொந்த இடம் தங்கனிக்கா ஏரி.

ஸாம்பசி நதியை மறித்து 1959இல் கரீபா அணை கட்டப்பட்டதும், ஸாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையே கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி உருவானது. ஆற்று மீன்கள் கரையோரத்திலேயே தங்கிவிட, நடு ஏரி வெறுமையாகக் கிடந்தது. அதைக் கண்டுதான் 1967, 68ஆம் ஆண்டுகளில் கப்பெண்டாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகிப் பெருந்தொழிலானது.

இரவில் மிதவைகளில் விளக்கேற்றி, வெளிச்சத்துக்குக் கூடும் மீனை வலையால் தூக்குவார்கள். முழுநிலவு நாட்களில் தொழில் ஓய்வு. உப்பிட்டு வெயிலில் காயவைப்பதால் குளிரூட்டி தேவையில்லை. ஏழையும் சிறு அளவில் வாங்கலாம்.

இலாபத்தைக் கண்டு பலரும் மிதவை இறக்கினார்கள். மிதவை பெருகிய அளவுக்கு மீன் பெருகவில்லை. ஒரு மிதவைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கியது. எண்ணெய்ச் செலவு சுருங்கவில்லை.

நமது தெருக்களிலும் ஒரு கடை ஓடினால் பக்கத்திலேயே அதே கடை நான்கு முளைக்கிறது. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். ஆனால் யாரும் இறங்காத நடு ஏரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நமது வேலை.